முன்வரிசைக் கதிரை போதாது: இரண்டு தலைமுறை சேர்ந்து கலை செய்தால் தனிமை ஏன் குறைகிறது?

இலங்கையில் சிறுவர் தினமும் முதியோர் தினமும் ஒக்டோபர் 1ஆம் திகதி ஒன்றாகவே வருகின்றன. யாழ்ப்பாணத்தில் பாடசாலை, பிரதேச செயலகம், முதியோர் சங்கம் என்று பல இடங்களில் இரண்டையும் சேர்த்தே கொண்டாடுகிறார்கள். பிள்ளைகள் மேடையில் ஆடுகிறார்கள். ஆச்சிமாரும் அப்புமாரும் முன்வரிசைக் கதிரையில் இருந்து பார்க்கிறார்கள். பொன்னாடை, படம், சாப்பாட்டுப் பொதி. பின்னேரத்துக்குள் எல்லாரும் வீடு திரும்பிவிடுகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2025 யூன் 30ஆம் திகதி சமூகத் தொடர்பு பற்றிய அறிக்கையை வெளியிட்டது. தனிமையைக் குறைக்க மூத்தோரையும் இளையோரையும் கலை மூலம் இணைக்கலாம் என்ற பேச்சும் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. அதைத்தானே நாங்கள் ஆண்டுதோறும் செய்கிறோம் என்று கேட்கத் தோன்றும். ஆனால் மேலே சொன்ன விழாவும் ஆய்வுகள் பேசும் வேலையும் வேறு வேறு. தனிமையைத் தொடுவது அரங்கேற்ற நாளைவிட, அதற்கு முன் வாரக்கணக்காக நடக்கும் பழக்கம்தான். ஏன் அப்படி என்று அடியிலிருந்து பார்ப்போம்.

மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

1. தனித்திருத்தல்: ஒருவர் தனியே வசிப்பது அல்லது தனியே நேரம் கழிப்பது. இதில் தவறொன்றும் இல்லை. விரும்பித் தனித்திருப்பவர்கள் ஏராளம்.

2. தொடர்பின்மை: பழகும் ஆட்கள் மிகக் குறைவாக இருப்பது. கிழமைக்கு எத்தனை பேரோடு கதைத்தீர்கள் என்று கேட்டு இதை எண்ணிவிடலாம்.

3. தனிமை: வேண்டும் என்று மனம் கேட்கும் உறவுக்கும் கையில் இருக்கும் உறவுக்கும் நடுவே உள்ள இடைவெளி தரும் வேதனை. வெளியிலிருந்து எண்ண முடியாது, அவரவர் சொன்னால்தான் தெரியும். யாழ்ப்பாணத்தில் இதற்கு எளிய பேச்சு ஒன்று உண்டு: “கதைக்க ஆளில்லை.” ஐந்து பேர் இருக்கும் வீட்டிலும் ஓர் ஆச்சி இதைச் சொல்லக்கூடும்.

தனிமையிலும் இரண்டு வகை உண்டு என்று அமெரிக்க சமூகவியலாளர் றொபேர்ட் வைஸ் 1973இல் எழுதினார். மிக நெருங்கிய ஒருவர் இல்லாத தவிப்பு உணர்ச்சித் தனிமை. தன்னைச் சேர்த்துக்கொள்ளும் ஒரு கூட்டம் இல்லாத வெறுமை சமூகத் தனிமை. ஒன்றை வைத்து மற்றதை நிரப்ப முடியாது என்பதே அவருடைய முக்கியமான கருத்து. துணையை இழந்தவரை எத்தனை சங்கங்களில் சேர்த்தாலும் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். கலைக் குழு பெரும்பாலும் நிரப்புவது இரண்டாவதை. இதை மனதில் வைத்துக்கொண்டால் வீண் எதிர்பார்ப்பு வராது.

இது முதியோரின் பிரச்சினை மட்டுமா?

உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கைப்படி உலகில் 6 பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார். தனிமையோடு தொடர்புடைய மரணங்கள் ஆண்டுக்கு 8 இலட்சத்து 71 ஆயிரத்துக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். 13 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் 17 முதல் 21 வீதம் பேர் தனிமையாக உணர்கிறார்கள், அதிலும் பதின்ம வயதினரிடம் கூடுதல். வறிய நாடுகளில் சுமார் 24 வீதம், செல்வந்த நாடுகளில் சுமார் 11 வீதம். ‘வெள்ளைக்காரரின் வியாதி, எங்கள் ஊரில் இல்லை’ என்ற நினைப்பு இந்தக் கணக்கோடு ஒத்துவராது.

ஆக, தாத்தாவும் பேரனும் இருவருமே தனித்துப்போன ஆட்களாக இருக்க வாய்ப்பு உண்டு. இதைக் கவனிக்காமல், ‘இளையோர் முதியோருக்குச் சேவை செய்கிறார்கள்’ என்று தொடங்கும் திட்டங்கள் முதல் அடியிலேயே சறுக்குகின்றன.

யாழ்ப்பாணத்தில் ஏன் இது கனத்து விழுகிறது

இலங்கை வேகமாக மூப்படைகிறது. 65 வயதும் அதற்கு மேலும் உள்ளோர் 2012 குடிசன மதிப்பீட்டில் 7.9 வீதமாக இருந்தார்கள், 2024இல் 12.6 வீதமானார்கள். இது நாடு முழுவதற்குமான கதை. யாழ்ப்பாணத்துக்கு வேறு கதையும் இருக்கிறது. 1981இல் மாவட்டத்தின் சனத்தொகை 7 இலட்சத்துக்கு மேல், 2012இல் 6 இலட்சத்துக்குக் கீழ். நாடு முழுவதும் கூடிய காலத்தில் இங்கே குறைந்தது. போர், 1995 ஒக்டோபர் இடப்பெயர்வு, கொழும்பு, கனடா, ஐரோப்பா என்று போனவர்கள் போக, மிஞ்சியவர்களைச் சுற்றியிருந்த ஒழுங்கை, அயல், கோயிலடி எல்லாமே கலைந்தன. குழந்தை ம. சண்முகலிங்கம் 1990களின் தொடக்கத்தில் எழுதிய ‘எந்தையும் தாயும்’ நாடகம், பிள்ளைகள் வெளிநாடு போக ஊரில் மிஞ்சிய பெற்றோரைப் பற்றியதுதான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பெற்றோர் நம் ஒழுங்கைகளில் இருக்கிறார்கள்.

வட்ஸ்அப் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நல்லதுதான். ஆனால் மணிக்கூட்டைப் பாருங்கள். கோடை காலத்தில் ரொறன்ரோவில் மகள் வேலை முடித்து மாலை 7 மணிக்கு வீட்டுக்கு வந்தால் இங்கே விடிகாலை 4.30. இங்கே ஆச்சி இரவு 8 மணிக்குச் சாப்பிட்டுவிட்டு இருந்தால் அங்கே காலை 10.30, மகள் வேலையில். மீதமிருப்பது சனி, ஞாயிறு. வைஸ் பிரித்த இரண்டில், அந்த அழைப்பு உணர்ச்சித் தனிமையைக் கொஞ்சம் தணிக்கும். படலையைத் திறந்துகொண்டு வர ஆளில்லாத வெறுமைக்கு அது மருந்தாகாது.

இளையவர் பக்கம் பார்த்தால் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் தொடங்கிச் சாதாரண தரம், உயர்தரம் வரை பாடசாலை, ரியூசன், திரும்பப் பாடசாலை. வீட்டுக்கு வந்தால் போன். அப்பம்மாவும் பேத்தியும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும், சேர்ந்து செய்ய ஒரு வேலை இல்லை. “சாப்பிட்டியோ பிள்ளை?” “ஓம்.” அதோடு கதை முடிந்துவிடுகிறது.

மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 2007இல் எழுதிய ஆய்வில், போர் தனியாட்களை மட்டுமல்லாமல் குடும்பத்தையும் ஊரையும் கூட்டாகக் காயப்படுத்தியது என்றும், அந்தக் காயத்தை ஆற்றும் வழியும் குடும்பம், ஊர் என்ற மட்டத்திலேயே இருக்க வேண்டும் என்றும் வாதிட்டார். தனிமைக்கும் இதே நியாயம் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

ஆட்களைக் கூட்டினால் மட்டும் ஏன் போதாது?

சரி, பத்து முதியோரையும் பத்து மாணவரையும் ஒரு மண்டபத்தில் இருத்தினால் என்ன? அமெரிக்க உளவியலாளர் ஜோன் கசியோப்போ தனிமையைப் பசியோடு ஒப்பிட்டார். பசி சாப்பிடச் சொல்கிறது, தனிமை ஆளைத் தேடச் சொல்கிறது. சிக்கல் என்னவென்றால், நாட்பட்ட தனிமை மனதைக் காவல் நிலைக்குத் தள்ளிவிடுகிறது. நித்திரை துண்டுதுண்டாகிறது. மற்றவரின் முகத்தில் ஒதுக்கலைத் தேடத் தொடங்குகிறோம். மருமகள் “தேத்தண்ணி போடட்டோ மாமி?” என்று கேட்டாலும் ‘கடமைக்குக் கேட்கிறாள்’ என்று படுகிறது. அதனால் தனித்தவர் மேலும் ஒதுங்குகிறார்.

கசியோப்போவும் சேர்ந்து 2011இல் வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வு, தனிமையைக் குறைக்க உலகில் செய்து பார்த்த வழிகளை ஒப்பிட்டது. சந்திக்கும் வாய்ப்பைக் கூட்டும் திட்டங்களைவிட, மற்றவரைப் பற்றிய இந்தத் தவறான எண்ணங்களை மாற்ற உதவியவை கூடுதலாகப் பலித்தன. அதாவது கதிரை போடுவது சின்ன வேலை. அந்தக் காவலை இறக்கி வைக்கப் பண்ணுவதுதான் பெரிய வேலை.

கலை அங்கே என்ன செய்கிறது?

1. கண்ணை முகத்திலிருந்து கைக்கு மாற்றுகிறது. எதிரெதிரே இருந்து “கதையுங்கோ” என்றால் இருவருக்கும் கூச்சம். நடுவில் ஓர் ஓலையோ மத்தளமோ பாட்டோ இருந்தால் பார்வை அதன் மேல் போகும், பேச்சு தானாக வரும்.

2. உடல்கள் ஒரே தாளத்துக்கு வருகின்றன. பிரித்தானியாவில் பாடல், கைப்பணி, எழுத்து ஆகிய வகுப்புகளை 7 மாதம் கவனித்து 2015இல் ஓர் ஆய்வு வந்தது. பாடிய குழுக்கள் வெகு விரைவில் நெருங்கின. ஆனால் ஏழாம் மாத முடிவில் மற்றக் குழுக்களும் அதே நெருக்கத்துக்கு வந்துவிட்டன. பாட்டு கதவை வேகமாகத் திறக்கிறது. தொடர்ந்து வந்தால் கைவேலையும் அதே இடத்தில் கொண்டுபோய் விடுகிறது. தொடர்ந்து என்பதில்தான் விடயம் இருக்கிறது.

3. வராவிட்டால் தேடுவார்கள். ஒத்திகையில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் இருக்கிறது. பிற்பாட்டுக்காரர் வரவில்லையென்றால் பாட்டு தொங்கும். ‘நான் இல்லாவிட்டால் ஒரு குறை’ என்ற உணர்வு முன்வரிசைக் கதிரையில் கிடைக்காது. அங்கே ஒருவர் வராவிட்டால் ஒரு சாப்பாட்டுப் பொதி மிஞ்சும், அவ்வளவுதான்.

4. கொடுக்கும் நிலைக்குக் கொண்டுவருகிறது. அடுத்த தலைமுறைக்கு எதையாவது கையளிக்க வேண்டும் என்ற தேவை நடுவயதிலிருந்து மனிதருக்கு வலுக்கிறது என்று உளவியலாளர் எரிக் எரிக்சன் சொன்னார். நாள் முழுக்க மற்றவரிடம் பெற்றுக்கொண்டே இருக்கும் முதியவருக்கு, வாரத்தில் ஒன்றரை மணி நேரமாவது கொடுப்பவராக இருக்கக் கிடைப்பது சின்ன விடயம் இல்லை.

சான் பிரான்சிஸ்கோவில் 12 முதியோர் நிலையங்களில் 390 பேரை வைத்து நடந்த பாடகர் குழு ஆய்வொன்று 2018இல் வெளிவந்தது. ஆறு மாதத்தில் தனிமை குறைந்தது, வாழ்வில் ஆர்வம் கூடியது. நினைவாற்றலிலும் உடல் வலுவிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இந்த இரண்டாவது முடிவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘பாடினால் மறதி நோய் ஓடிவிடும்’ என்று சுற்றி வரும் செய்திகள் இதைத் தாண்டிப் பேசுகின்றன. அந்த ஆய்வு முதியோர் மட்டும் பாடிய குழுக்களைப் பற்றியது. இரண்டு தலைமுறையையும் சேர்த்துச் செய்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. நல்ல அறிகுறிகள் உண்டு, முடிந்த முடிவு என்று இன்னும் சொல்ல முடியாது.

நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் வடிவங்கள்

இறக்குமதி செய்ய வேண்டிய தேவை யாழ்ப்பாணத்துக்கு அதிகம் இல்லை.

கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டுக்கோட்டையிலும் பாசையூர், குருநகர் போன்ற கத்தோலிக்க ஊர்களிலும் கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு இளைஞருக்குப் பழக்குவார். முதியவர் பாட்டைப் பிடித்துக் கொடுப்பார், இளையவர் ஆடுவார். வயது வேறுபாடு அந்தக் கலையின் அமைப்புக்குள்ளேயே இருக்கிறது. 1965இல் நீ. மரியசேவியர் அடிகளார் தொடங்கிய திருமறைக் கலாமன்றமும், 1978இல் உருவான நாடக அரங்கக் கல்லூரியும் இந்த மரபைப் புதிய மேடைக்குக் கொண்டுவந்தன. நாடகமும் அரங்கியலும் பாடசாலைப் பாடமாகவும் இருக்கிறது, ஆகவே மாணவர் பக்கம் ஆயத்தமாகத்தான் இருக்கிறது.

கோயில்களில் நடக்கும் கந்தபுராண படனம் இன்னொன்று. ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றவர் பயன் சொல்கிறார். குரல் நல்ல இளையவர் வாசிக்கலாம், கண்பார்வை குறைந்த மூத்தவர் பொருள் சொல்லலாம். இருவரில் ஒருவர் இல்லாமல் மற்றவரால் நடத்த முடியாது.

பனையோலை வேலையைச் சற்று கிட்ட நின்று பார்ப்போம். ஒரு சின்னப் பெட்டி இழைக்கக் குருத்தோலையை ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, ஈரப்பதமாக வைக்க வேண்டும். காய்ந்தால் ஓலை முறியும். கடினமானது தொடக்கம்: நான்கு ஓலையை மேலும் கீழுமாகக் கோத்து அடியைப் பிடிப்பது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விரல் வேகம் உண்டு, ஆனால் எந்த ஓலை எதன் அடியால் போகிறது என்று தெரியாது. ஆச்சிக்கு அது நித்திரையிலும் தெரியும், ஆனால் விரல் மூட்டு மடங்காது. ஆகவே ஆச்சி வாயால் இழைக்கிறார், பிள்ளை கையால் இழைக்கிறாள். “இறுக்கிப் பிடி பிள்ளை, இளக விட்டால் மூலை திரும்பாது.” மூலை திரும்பும் இடத்தில் பிள்ளையின் கை தடுமாறும்போது ஆச்சி தன் பெருவிரலை அந்த முடிச்சின் மேல் வைத்து அழுத்திக்கொள்கிறார். அந்த ஒரு கணத்தில் மூன்று கைகள் ஒரு பெட்டியைப் பிடித்திருக்கின்றன. எங்கே படித்தீர்கள் ஆச்சி என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது. அந்தக் கேள்வியோடு இடம்பெயர்ந்த ஊர், விட்டு வந்த வளவு, அங்கே நின்ற பனை எல்லாம் கதையில் ஏறுகின்றன.

பட்டம் கட்டுவதும் இப்படித்தான். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டியை இப்போது உலகமே காணொளியில் பார்க்கிறது. பட்டம் நேராக ஏறுவது முச்சையில், அதாவது பட்டத்தில் நூல் பூட்டும் கட்டில், இருக்கிறது. எந்த இடத்தில் நூலைக் கட்டினால் காற்றுக்கு நிற்கும், காற்றில் ஒலி எழுப்பும் விண்ணை எப்படி வைத்தால் கூவும் என்பது கைப்பழக்கத்தால் வந்த அறிவு. அது ஓட முடியாத அப்புவிடம் இருக்கிறது. ஓடும் கால் பேரனிடம் இருக்கிறது.

எந்த நிபந்தனையில் பலிக்கும்?

வெவ்வேறு குழுக்கள் பழகினால் தப்பெண்ணம் குறையும், ஆனால் நான்கு நிபந்தனைகள் வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஓல்போர்ட் 1954இல் எழுதினார்: சம நிலை, பொதுவான இலக்கு, ஒத்துழைப்பு, பொறுப்பான அமைப்பொன்றின் ஆதரவு. பின்னைய மூன்றும் நம்மூரில் எளிதாகக் கிடைக்கும். இடறுவது முதலாவதில்.

‘பெரியவர் சொன்னால் கேள்’ என்ற ஒழுங்கு ஒரு பக்கம், ‘பாவம், வயதுபோன ஆள்’ என்ற இரக்கம் மறுபக்கம். இரண்டுமே சமநிலையைக் குலைக்கின்றன. அதைவிட ஆழமான ஒன்றையும் பேசாமல் விடக்கூடாது. பல ஊர்களில் கூத்து ஒரு சாதிக்குரியதாகவோ ஒரு தேவாலயப் பங்குக்குரியதாகவோ இருந்தது. பெண் பாத்திரத்தையும் ஆண்களே ஆடினார்கள். ஓலை இழைப்பதைச் சிலரின் தொழில் என்று தாழ்த்திப் பார்த்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே போக மாவிட்டபுரத்தில் 1968இல் ஆலயக் கதவுக்கு முன் போராட வேண்டியிருந்த மண் இது. ஆகவே கோயில் மண்டபத்தில் குழுவைத் தொடங்கும்போது யாரெல்லாம் இயல்பாக உள்ளே வருவார்கள், யார் படலையடியிலேயே நின்றுவிடுவார்கள் என்று முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும். தனிமையைக் குறைக்க வந்த குழு, ஏற்கெனவே ஒதுக்கப்பட்டவரை இன்னும் ஒதுக்கினால் அதைவிடக் கொடுமை இல்லை.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்

1. இடம்: சனசமூக நிலையம் நல்ல தெரிவு. அநேகமாக ஒவ்வொரு ஊரிலும் உண்டு, பத்திரிகை பார்க்க ஆட்கள் ஏற்கெனவே வருகிறார்கள், எந்த மதத்துக்கும் சொந்தமில்லை. முதியோரைத் திரட்ட, 2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டத்தின் பின் கிராம அலுவலர் பிரிவுகளில் அமைந்த முதியோர் சங்கங்கள் உதவும்.

2. நேரம்: வாரத்துக்கு ஒரு நாள், ஒன்றரை மணி நேரம், அதே ஆட்கள், குறைந்தது மூன்று மாதம். ரியூசனோடு மோதாத நேரமாக இருக்க வேண்டும். இதைப் பிள்ளைகளிடமே கேட்டு முடிவு செய்யலாம்.

3. ஆட்கள்: 6 மூத்தவர், 6 இளையவர் போதும். இருவர் இருவராகச் சோடி சேர்த்துவிட்டால் கூட்டத்துக்குள் ஒருவர் காணாமல் போகமாட்டார்.

4. உடல்: சாய்வுள்ள கதிரை, கிட்ட மலசலகூடம், வந்து போக ஓட்டோ. காது கேளாதவரைப் பழக்குபவருக்கு அருகில் இருத்துங்கள். தனிமையில் பாதி, கேட்காத காதால் வருவதாகத்தான் சில வீடுகளில் தெரிகிறது.

5. இருவழி: ஒரு கிழமை மூத்தவர் பழக்கினால் மறுகிழமை இளையவர் பழக்கட்டும். குழுவில் பாடிய பாட்டைப் போனில் பதிந்து, வெட்டி, கனடாவில் உள்ள மகளுக்கு அனுப்பும் வேலையை ஆச்சிக்குப் படிப்பிக்கலாம்.

6. அளவிடுதல்: மூன்றே கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் உலகெங்கும் பயன்படுகிறது. துணை இல்லை என்று எவ்வளவு அடிக்கடி உணர்கிறீர்கள்? ஒதுக்கப்பட்டதாக? மற்றவரிடமிருந்து விலகிப்போனதாக? ‘அரிதாக’ என்றால் 1, ‘சிலவேளை’ என்றால் 2, ‘அடிக்கடி’ என்றால் 3. கூட்டினால் 3 முதல் 9 வரை வரும். தொடக்கத்திலும் முடிவிலும், முடிந்து மூன்று மாதம் கழித்தும் கேளுங்கள். இளையவரிடமும் கேளுங்கள்.

கலையால் முடியாதவை

நாட்கணக்காகச் சாப்பாடு இறங்காதவர், நித்திரை இல்லாதவர், ‘இருந்தென்ன’ என்று சொல்பவர் கலைக் குழுவுக்கு முன் வைத்தியரைப் பார்க்க வேண்டும். அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. பென்சன் இல்லாத வறுமையையும், துணையின் இழப்பையும் பாட்டு தீர்க்காது.

இன்னொரு ஆபத்து, திட்டம் முடிவது. போருக்குப் பிறகு நிதி வந்தபோது தொடங்கி, நிதி நின்றபோது மூடிய வேலைகள் இங்கே நிறைய. பன்னிரண்டு கிழமை ஒரு பிள்ளையோடு பழகிய ஆச்சியிடம் ‘புரொஜெக்ற் முடிஞ்சுது’ என்று சொல்வது புதிதாக ஓர் இழப்பைக் கொடுப்பதுதான். அதனால்தான் நிதியாண்டை விட்டுவிட்டு ஊரின் நாட்காட்டியில் குழுவைக் கட்டச் சொல்கிறேன். மார்கழித் திருவெம்பாவைக்கு விடியப் பாடிப் போக ஒரு பாட்டுக் குழு, ஆடிப்பிறப்புக்கு ஒரு கும்மி, கோயில் திருவிழாவுக்கு ஒரு கூத்து. இவை யாருடைய நிதியும் இல்லாமல் அடுத்த ஆண்டும் வரும். பட்டத்தோடு தொடங்க நினைப்பவர்கள் பொங்கல் வரை காத்திருக்க வேண்டாம். தையில் ஏற வேண்டிய பட்டத்துக்குக் கார்த்திகையிலேயே அப்புவின் வீட்டு விறாந்தையில் மூங்கில் சீவத் தொடங்க வேண்டும்.